இன்னும் கொஞ்சம் இழுப்பு குறைவாக

ஜனவரி 11

அக்காவுக்கு,

உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறாய் என்றால், மீதியையும் படித்துவிடு. மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கம்பி கேட்டுத்தான் எழுதுகிறேன். கிடார் பட்டறை வைத்திருக்கிறவளிடம் கம்பி கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லையே.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "இனிமே எனக்கு போன் பண்ணாத. ஒரு டம்ளர் தண்ணி கேட்டுக்கூட என் வாசல்ல வந்து நிக்காத." போனும் பண்ணவில்லை, வாசலிலும் வந்து நிற்கவில்லை. கடிதம் எழுதக் கூடாது என்று நீ சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஹோட்டல் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. சாயங்காலமானால் கீழ்க்கூடத்தில், லிஃப்டுக்கும் காப்பி மெஷினுக்கும் நடுவில் வாசிக்கிறோம். மேடை என்று பெயர், உயரம் ஒரே ஒரு படி. பியானோக்காரர், பேஸ் கிடாரோடு நான், ஒரு பெட்டி. டிரம்மரைப் போன வருஷம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பட்டனைத் தட்டினால் தாளம் போடுகிற பெட்டியை வாங்கி வைத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் நம் பாட்டுக்கெல்லாம் டிரம் வாசித்த நீ இதைப் படித்து எப்படி முகத்தைச் சுளிப்பாய் என்று எனக்குத் தெரியும். பெட்டி தப்பே பண்ணாது. அதுதான் அதோடு வாசிக்க முடியவில்லை.

ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. அந்தப் பெட்டிக்குள் பேஸ் கிடார் சத்தமும் இருக்கிறது என்று மேனேஜர் கண்டுபிடித்துவிட்டார். போதாக்குறைக்கு என் விரல் நகரும்போதெல்லாம் கம்பியில் கீச் கீச்சென்று சத்தம் வருகிறதாம். "சார், எலி கத்துற மாதிரி இருக்குன்னு கெஸ்ட் சொல்றாங்க" என்கிறார். அதனால் உருட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு, வழுவழுவென்று இருக்கும் ஃப்ளாட்வவுண்டுக்கு மாறலாம் என்றிருக்கிறேன். நம் நெட்டை கிடாருக்கு எது சரிவரும்? இங்கே கடையில் இருக்கிற பையனுக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

நெட்டை, குட்டை, மொட்டை மூன்று கிடாரும் சௌக்கியம். நீ வைத்த பெயரை நான் மாற்றவில்லை.

தம்பி


ஜனவரி 22

மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வதையே தங்களுக்கும் சொல்கிறேன்.

உருட்டுக் கம்பியில் மேலே சுற்றியிருப்பது உருண்டைக் கம்பி. வரிவரியாக மேடும் பள்ளமும் இருக்கும், விரல் உரசினால் எலி கத்தத்தான் செய்யும். ஃப்ளாட்வவுண்டில் சுற்றியிருப்பது தட்டையான பட்டை. அதனால் நாங்கள் இங்கே பட்டைக் கம்பி என்போம். உரசல் சத்தம் இருக்காது. அடித்தால் கும்மென்று கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து, சட்டென்று அடங்கிவிடும்.

நெட்டை நீளமான கழுத்துள்ள கிடார். அதற்கு நடுத்தரக் கனத்தில் எஃகுப் பட்டைக் கம்பி இத்துடன் வைத்திருக்கிறேன். உருட்டுக் கம்பியை விட இதற்கு இழுப்பு அதிகம், கழுத்து முன்னால் வளையும். கழுத்துக்குள் இருக்கும் எஃகுத் தண்டைக் கால் சுற்று மட்டும் திருகவும், அதற்கு மேல் திருகவே வேண்டாம். உடம்பின் ஓட்டை வழியாகக் கோக்காமல் மேலே கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜ் வழியாகவே மாட்டவும். ஓட்டையில் மடங்கினால் பட்டை பிளந்துகொள்ளும். நுனியை மடக்கிவிட்டு அப்புறம்தான் வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் சுற்று அவிழ்ந்து, கம்பி செத்துப்போகும்.

இன்னொன்று. பட்டைக் கம்பி பழகப் பழகத்தான் பேசும். வருஷக்கணக்கில் வாசித்த பழைய கம்பிதான் வேண்டும் என்று தேடி வருகிறவர்கள் எனக்கு உண்டு. எப்போது கழற்றினாலும் குப்பையில் போட்டுவிடாமல் சுருட்டி அனுப்பவும்.

படுக்கையில் கிடந்த அப்பாவையும் என்னையும் விட்டுவிட்டு, மூன்று கிடாரையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிய ஆள் சௌக்கியமாக இருக்கிறாரா என்று நான் கேட்கப்போவதில்லை. கிடார்கள் சௌக்கியம் என்பதில் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
பட்டறை

அந்த டிரம்மருக்கு வேறு வேலை கிடைத்ததா?


பிப்ரவரி 26

பட்டறை முதலாளியம்மாவுக்கு,

டிரம்மருக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறார். விரல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதாம், பெட்டிமேல் தாளம் போட்டுக்கொண்டே அடுக்குகிறாராம்.

கம்பி வந்த அன்றைக்கே மாட்டிவிட்டேன். தண்டைக் கால் திருகுதான் திருகினேன், மடக்கிவிட்டுத்தான் வெட்டினேன். சத்தம் நீ சொன்னது போலவே இருக்கிறது. எலி ஓடிவிட்டது. பியானோக்காரர் முதல் பாட்டு முடிந்ததும் திரும்பிப் பார்த்து, "யாருய்யா கதவைத் தட்டுறது?" என்றார். அவர் சுபாவத்துக்கு அது பெரிய பாராட்டு. ஆள் கல்யாணத்துக்குப் போனாலும் கண்துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு போகிற ரகம்.

ஒரே ஒரு குறை. கம்பி ரொம்ப இறுகுகிறது. நெட்டையின் கழுத்து கல்லாகிவிட்ட மாதிரி இருக்கிறது. இரண்டாவது பாட்டுக்குள் இடது கை ஓய்ந்துபோகிறது. கூடத்தில் ஏசியை வேறு குளிர்பதனக் கிடங்கு மாதிரி வைத்திருக்கிறார்கள், அதனாலும் இருக்கலாம். இன்னும் கொஞ்சம் இழுப்பு குறைவாக ஏதாவது கிடைக்குமா? இந்த செட்டைக் கழற்றும்போது பத்திரமாகச் சுருட்டி வைக்கிறேன்.

நீ கேட்க மாட்டேன் என்றதால் நானும் சொல்லவில்லை. நீயும் சௌக்கியமா என்று நான் கேட்பதாக இல்லை.

தம்பி


மார்ச் 8

வாடிக்கையாளருக்கு,

அட்டையில் போட்டிருக்கும் கனத்தைப் பார்த்துக் கம்பி வாங்குகிறவர்கள் பாதிப்பேர் ஏமாறுகிறார்கள். ஒரே கனத்தில் இரண்டு கம்பி, ஒன்று இரும்புக்கடப்பாரை, இன்னொன்று ரப்பர். உள்ளே ஓடுகிற நடுக்கம்பியைப் பொறுத்த விஷயம் அது. இத்துடன் இருப்பது மெல்லிய நடுக்கம்பி போட்டது. என்னிடம் இருப்பதிலேயே இழுப்பு குறைந்தது இதுதான். இதற்கும் கீழே போனால் கம்பி, கழுத்தின் குறுக்கே ஓடும் ஃப்ரெட்டில் மோதிக் கடகடக்கும். தண்டைத் திருகிய கால் திருகைத் திருப்பிவிடு.

இதுவும் இறுகினால் மொட்டையை எடு. உனக்கு எப்போதும் அதன்மேல்தான் காதல். ஃப்ரெட்டே இல்லாத கழுத்தில் உருட்டுக் கம்பி போட்டால் மரத்தை அரம் மாதிரி அராவிவிடும் என்று எத்தனை தடவை சொன்னேன், கேட்டாயா? கருப்பு நைலான் பட்டை சுற்றிய கம்பி ஒரு செட் சேர்த்து வைத்திருக்கிறேன். இழுப்பும் குறைவு, மரத்துக்கும் நோகாது. அதற்குப் பணம் அனுப்ப வேண்டாம். கடையில் கிடந்து தூசி தின்றுகொண்டிருந்தது.

ஏசியைக் குறைக்கச் சொல். சொல்ல வாய் இல்லையென்றால் ஸ்வெட்டர் போடு.

டிரம் மாடி அறையில் இருக்கிறது. போர்த்தின போர்வையை இன்னும் எடுக்கவில்லை. நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். சௌக்கியம்தான்.

பட்டறை


மே 3

அக்கா,

உன்னிடமிருந்து வந்த அந்தக் கடைசி ஒற்றை வார்த்தையை நாலு தடவை படித்தேன்.

மெல்லிய கம்பியை நெட்டையில் மாட்டி இத்தனை நாளும் வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெட்டையின் கழுத்து எனக்கு ரொம்ப நீளம், தோளும் வலிக்கிறது. வயசாகிறது இல்லையா. மொட்டையில் நைலான் கம்பி அழகாகப் பாடுகிறது. ஆனால் உனக்குத் தெரியுமே, மொட்டையில் ஃப்ரெட் கிடையாது, விரல் நிற்கிற இடம்தான் சுருதி. ஒரு நூல் தள்ளினால் தப்பு. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது, விரல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிப் போய்விடுகிறது. பியானோக்காரர் காதில் விழுந்துவிட்டது. புருவத்தை மட்டும் தூக்கினார். மொட்டையைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன்.

அதனால் இனிமேல் குட்டைதான். கழுத்து குட்டை, விரலை ரொம்ப விரிக்க வேண்டாம். அதற்கு இருப்பதிலேயே மெல்லிய பட்டைக் கம்பியாகப் பார்த்து அனுப்பு. நீளமான கம்பியைக் குட்டைக்குப் போட்டால் தடித்த பாகம் முறுக்குகிற கீயில் சுற்றிப் பிளந்துவிடும் என்று நீ திட்டுவாய் என்பதால், அளந்தே அனுப்புகிறேன். டேப் இல்லை. நூலைப் பிடித்து அளந்து, அந்த நூலையே வெட்டி உறைக்குள் வைத்திருக்கிறேன்.

நெட்டையின் பழைய கம்பிகள் இரண்டு செட்டும் பார்சலில் வருகிறது. தேடி வருகிற ஆட்களுக்குக் கொடு.

தம்பி


மே 13

டேய்,

பார்சல் வந்தது. நூலும் வந்தது. குட்டைக்கு நான் கம்பி அனுப்பவில்லை. முதலில் இதைப் படி.

பழைய கம்பிகளைத் துடைத்து, விளக்கடியில் மேஜைமேல் வரிசையாக நீட்டி வைத்தேன். யாருடைய பட்டைக் கம்பி வந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஃப்ரெட்டில் அழுத்தி அழுத்தி அடிப்பக்கத்தில் சின்னச் சின்னத் தழும்பு விழுந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் கம்பியில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று சொல்ல முடியும். முதல் செட்டில் தழும்பு கழுத்து நெடுகிலும் இருந்தது. மேலே போகப் போக ஆழம் குறைவு, ஆனாலும் இருந்தது. நீ வாசிக்கிற பாட்டைக்கூட என்னால் சொல்ல முடிந்தது.

இரண்டாவது செட்டைத் திருப்பினேன். ஆள்காட்டி விரல் அழுத்துகிற இடத்தில் மட்டும் தழும்பு. அதற்கு அந்தண்டை ஒன்றுமே இல்லை, கடையிலிருந்து வந்த மாதிரி பளபளவென்று இருக்கிறது. தினமும் வாசிக்கிற ஆளின் கம்பி அப்படி இருக்காது. நீ ஒற்றை விரலை வைத்துக்கொண்டு, முடியாத இடத்தில் கம்பியைச் சும்மா திறந்துவிட்டு ஒப்பேற்றியிருக்கிறாய்.

கண்ணாடி மாற்ற வேண்டும், ஏசி குளிர், தோள் வலி. யார் காதில் பூச்சுற்றுகிறாய்?

அப்பா ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கடைசி வருஷம் ஞாபகம் இருக்கிறதா? "கியர் இறுகுதும்மா" என்று வந்து உட்கார்ந்தார். நான்தான் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன். கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றார். அடுத்த மாசம் மறுபடி இறுகியது, மறுபடி கழற்றச் சொன்னேன். அப்பாவின் கையை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. டம்ளர் கீழே விழ ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

நீ பிப்ரவரியில் எழுதினாய், கம்பி இறுகுகிறது என்று. அதே வார்த்தை. நான் என்ன செய்தேன்? உட்கார்ந்து மெல்லிய நடுக்கம்பி தேடினேன். ஒரே வீட்டில் இரண்டாவது முறையும் கியர்பாக்ஸைக் கழற்றியிருக்கிறேன். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எந்த விரலில் ஆரம்பித்தது? எப்போதிலிருந்து? டாக்டரிடம் போனாயா? பொய் எழுதினால் நேரில் வந்து நிற்பேன்.

அக்கா


மே 25

அக்கா,

இடது கை. சுண்டுவிரலில் ஆரம்பித்தது. போன வருஷம் மழைக்காலத்திலேயே சட்டைப் பொத்தானை மாட்டும்போது சண்டித்தனம் பண்ணியது. அப்புறம் மோதிர விரல், அப்புறம் நடுவிரல். இப்போது ஆள்காட்டி விரலும் வாசித்தால் நடுங்குகிறது. கட்டைவிரலுக்குக் கீழே சதை கரைந்து பள்ளமாகிவிட்டது. அப்பாவுக்கு இருந்த அதே பள்ளம்.

டாக்டரிடம் போனேன். அவர் ஊசி வைத்து, மின்சாரம் வைத்து எல்லாம் பார்த்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேனாவை மூடித் திறந்து கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. நானே அந்த நரம்பு வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "எங்க வீட்ல இதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிருக்கு, டாக்டர்" என்றேன். ஜோக்காகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குணமாக்க முடியாது, வேகத்தைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, அவ்வளவுதான். நீயும் போய்ப் பரிசோதித்துக்கொள். ஒத்திப்போடாதே.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றா கேட்கிறாய்? அன்றைக்கு நீ தண்ணீரைப் பற்றி மட்டும் பேசவில்லை. அதற்கு முன்னால் ஒன்று சொன்னாய். "உனக்கும் ஒரு நாள் இதே மாதிரி கை விழும்டா, அப்பத் தெரியும்" என்றாய். சின்ன வயசிலிருந்தே உன்னைக் கரிநாக்கு என்று நாங்கள் எல்லோரும் கிண்டல் பண்ணுவோம். நீ மழை வரும் என்றால் வரும், நான் பெயிலாவேன் என்றால் ஆவேன். பொத்தான் நழுவிய அன்றைக்கு எனக்கு என் கையைப் பற்றிய பயத்தை விட இந்தப் பயம்தான் முதலில் வந்தது. இது தெரிந்தால் தன் நாக்கால்தான் வந்தது என்று நீ நினைத்துக்கொள்வாய், உள்ளுக்குள்ளேயே அதை வைத்துக்கொண்டு சாவாய். அதனால்தான் பூச்சுற்றினேன். இது உன் நாக்கால் வந்ததில்லை. ரத்தத்தில் வந்தது. டாக்டர் தாளில் எழுதியே கொடுத்தார்.

ஆனால் கோபம் இல்லை என்று சொன்னால் அதுவும் பூதான். இரண்டு வருஷம் உன்மேல் அவ்வளவு கோபம் இருந்தது. அப்பாவைப் பார்க்கவே பயந்துதான் ரயில் ஏறினேன். அது உனக்குத் தெரியும், தெரிந்தும் அப்படிச் சொன்னாய்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். ஜூலை கடைசியோடு நிறுத்திக்கொள்கிறேன். பெட்டிதான் பேஸ் வாசிக்கப்போகிறது. கடைசி நாள் ஒரே ஒரு பாட்டு மட்டும் வாசிக்க ஆசை. நாம் எப்போதும் முதலில் எடுக்கும் அந்த மெதுவான பாட்டு. எல்லாப் பாட்டையும் விட அதில்தான் நோட்டு குறைவு. அதற்கும் விரல் வேண்டுமே. வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. தட்டலாம், அழுத்த முடியாது. அழுத்தாமல் பேஸ் வாசிக்க முடியாது.

கம்பி ஒன்றும் அனுப்ப வேண்டாம். எழுதிவிட்டேன், மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறது.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

பரிசோதித்துக்கொண்டேன். எனக்கு இல்லை என்கிறார்கள். இதை எழுதும்போது, கூட்டத்தில் நான் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்த மாதிரி வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. மூன்று தாள் கசக்கிப் போட்டேன். கம்பியைப் பற்றி எழுத வரும், அதை எழுதுகிறேன்.

அழுத்தாமல் பேஸ் வாசிக்க முடியாது என்று யார் சொன்னது? அந்தப் பாட்டில் மொத்தம் ஐந்து நோட்டுதான். ஈ, ஜி, சி, டி. கடைசி வரிக்கு முன்னால் ஒரே ஓர் இடத்தில் ஏ. நெட்டையில் கம்பி நாலு. ஒரு கம்பிக்கு ஒரு நோட்டு வைத்துவிட்டால் இடது கைக்கு வேலையே இல்லை.

ஆனால் இருக்கிற கம்பியையே தளர்த்திச் சுருதி மாற்றினால் துணி காயப்போடுகிற கயிறு மாதிரி தொங்கும், தட்டினால் கொழகொழவென்று இருக்கும். அதனால் நாலு கம்பியையும் நாலு அட்டையிலிருந்து எடுத்திருக்கிறேன். தடித்தது வழக்கமான ஈ. அடுத்தது கனமான செட்டிலிருந்து எடுத்த ஏ கம்பி, அதை ஜிக்கு இறக்கு. மூன்றாவது அதே கனமான செட்டின் டி கம்பி, சிக்கு இறக்கு. நாலாவது சாதாரண டி கம்பி, அதை டியிலேயே வை. இப்படி வைத்தால் நாலுக்கும் ஏறக்குறைய ஒரே இழுப்பு, வலது விரலுக்கு எந்தக் கம்பிக்குப் போனாலும் ஒரே மாதிரி இருக்கும். பட்டறையில் என் கிடாரில் மாட்டி ஒரு வாரம் நானே தட்டிப் பார்த்தேன். நான் பேஸ் வாசித்த கண்ராவியைக் கேட்க நீ இல்லாமல் போனாய்.

கம்பிகள் தடிமன் மாறுவதால் கழுத்துத் தலையில் இருக்கும் பள்ளத்தில் உட்காராது. அதற்குத்தான் அளவாகப் பள்ளம் அராவிய எலும்புத் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். பழையதைத் தட்டிக் கழற்றிவிட்டு இதை ஒரு சொட்டுப் பசையில் ஒட்ட வேண்டும். நீ செய்யாதே, பியானோக்காரரைச் செய்யச் சொல். அழுதுகொண்டே செய்தாலும் பரவாயில்லை, நேராக ஒட்டட்டும்.

திறந்த கம்பி விட்டால் அடங்காது, ஒன்றோடொன்று கலந்து இரையும். அதற்கு இடது கையைக் கம்பிகள்மேல் சும்மா படுக்கப்போடு. அழுத்த வேண்டாம். தட்டுகிற கம்பியிலிருந்து மட்டும் கொஞ்சம் தூக்கு. நீ சின்ன வயசில் வீட்டுவேலை செய்த லட்சணம்தான், சும்மா படுத்திருந்தால் போதும்.

ஏ வரும் இடத்தை விட்டுவிடு. அந்த இடத்தில் டிரம் மிதிக்கிற என் கால் எப்போதும் நின்றுவிடும், ஞாபகம் இருக்கிறதா? நீ தனியாக வாசிக்கட்டும் என்று நிறுத்துவேன். இந்த முறை நீ நிறுத்து.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்கா,

இதை எழுதுவது பியானோக்காரர். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். கையெழுத்து என்னுடையதை விட அழகாக இருக்கிறது என்று பொறாமைப்படாதே. ஏன் அவர் எழுதுகிறார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எலும்புத் துண்டை நேராக ஒட்டினார். அழவில்லை. தான் அழுததாக எழுதியே தீருவேன் என்கிறார், எழுதிக்கொள்ளட்டும்.

கடைசி நாள் கூடத்தில் பாதி நாற்காலி காலி. ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு டாக்சிக்குக் காத்திருந்தது. இரண்டு பேர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நமக்கென்று வந்தவர் யாரும் இல்லை. நம் பாட்டுக்கு முன்னால் பியானோக்காரர் எழுந்துபோய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். "கடைசிப் பாட்டுலயாவது மனுஷங்க மட்டும் வாசிப்போம்யா" என்றார்.

நெட்டையைத் தட்டினேன். அக்கா, நாலு கம்பியும் ஒரே ஆள் மாதிரி பேசியது. ஜி எது, சி எது என்று விரல் தேடவே இல்லை. இடது கை நீ சொன்ன மாதிரி படுத்துக்கொண்டது. அந்தப் பக்கம் பார்த்த ஒருவருக்கும் என் கை வேலை செய்யவில்லை என்று தெரிந்திருக்காது. ஒரு பாட்டு நேரத்துக்கு எனக்கே மறந்துபோனது.

ஏ வரும் இடத்தில் நிறுத்தினேன். பியானோக்காரரிடம் நான் சொல்லவில்லை, அவரும் அங்கே நிறுத்திவிட்டார். கூடமே அமைதியாகிவிட்டது. டாக்சிக்குக் காத்திருந்த குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்தது. அந்த இடத்தில் எனக்கு உன் கால் இல்லாதது கேட்டது. இத்தனை நாளும் பெட்டியோடு வாசித்தபோது கேட்கவே இல்லை. அப்போதுதான் வீட்டுக்கு வர வேண்டும் போல இருந்தது. அதை நேரடியாகவே சொல்கிறேன், வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது.

பாட்டு முடிந்ததும் காப்பி மெஷின்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வலது கையால்தான் வாங்கினேன். நன்றாகப் பிடித்தேன் என்றுதான் நினைத்தேன். கீழே விழுந்து உடைந்தது. அவர், "பரவாயில்ல சார், வழுக்கிடுச்சு" என்றார். வழுக்கவில்லை.

அதனால்தான் இவர் எழுதுகிறார்.

அறையைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நீ அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. மீறி வந்து நிற்க எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. கேட்டு எழுதுகிறேன். முடியாது என்றாலும் புரிந்துகொள்வேன்.

தம்பி
(சொன்னது அவர். எழுதியது நான்.)


ஆகஸ்ட் 10

தம்பி,

இந்தக் கடிதத்தோடு பியானோக்காரருக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். மூன்று கிடாரையும் எப்படிக் கட்டுவது என்று அதில் இருக்கிறது. நெட்டையின் கம்பியைக் கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். பட்டைக் கம்பி ஒரே ஒரு பாட்டில் பழகிவிடாது. இங்கே வந்து மீதி பழகட்டும். உன் வலது கை போகும் வரை நீ தட்டு. அதுவும் போன பிறகு நான் தட்டுகிறேன், நீ உட்கார்ந்து திட்டு.

மாடி அறையில் இருந்த டிரம்மைக் கீழே இறக்கிவிட்டேன். போர்வையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன், உனக்குப் போர்த்திக்கொள்ள ஆகும். அப்பா கட்டிலைக் கூடத்து ஜன்னலோரம் நகர்த்திவிட்டேன். அதிலிருந்து தெரு தெரியவில்லை என்று அப்பா கடைசி வரை குறைப்பட்டுக்கொண்டார், அப்போது எனக்கு நகர்த்தத் தோன்றவில்லை.

நான் அன்றைக்குச் சொன்னதற்கு எத்தனை தாள் கசக்கினாலும் பதில் வராது என்று தெரிந்துவிட்டது. அதனால் நீதான் ஒரு வேலை செய்ய வேண்டும். ரயில் நிலையத்துக்கு நான் வரமாட்டேன். பியானோக்காரர் உன்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விடட்டும். வாசலில் வந்து நில். உள்ளே வராதே. அங்கேயே நின்று, என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேள்.

தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேள். நான் கொண்டுவந்து, டம்ளரைக் கையில் கொடுக்காமல், உன் வாயில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன்.

அக்கா